கைம்மருந்தும் ஆய்வகமும்

நுழையும்முன்

நோயுற்ற ஆட்டுக்கும் மாட்டுக்கும் பச்சிலை அரைத்துக் கொடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் உண்டு. மருந்து கொடுத்தபின் நோய் தீர்ந்தால், அம்மருந்தே நோயைத் தீர்த்தது என்று கொள்ளலாமா? தானாகத் தீரும் நோயையும் மருந்தால் தீர்ந்த நோயையும் எவ்வாறு பிரித்தறிவது? கால்நடைகளுக்கு வரும் கழிச்சல் நோயை எடுத்துக்காட்டாகக் கொண்டு, மூலிகைச் சாறு மருந்தாக ஏற்கப்படுவதற்கு முன் கடந்துவர வேண்டிய சோதனைகளை இப்பாடம் விளக்குகிறது.

மழைக்குப் பின்

புதுக்கோட்டை மாவட்டத்தின் பெரும்பகுதி செம்மண்ணும் சரளையும் கலந்த வறண்ட நிலம். வெள்ளாறும் அக்கினியாறும் அம்புலியாறும் மழைக்காலத்தில் மட்டுமே நீர் பெருகி ஓடுவன. கண்மாய்களையும் குளங்களையும் நம்பி வேளாண்மை நடைபெறும் இம்மாவட்டத்தில், விளைச்சல் பொய்க்கும் ஆண்டுகளில் குடும்பத்தைத் தாங்குபவை ஆடுமாடுகளே. நிலமற்ற குடும்பத்துக்கு நான்கு வெள்ளாடுகள் என்பன நடமாடும் சேமிப்பு. பள்ளி திறக்கும் மாதத்தில் ஒன்றை விற்பர். மருத்துவச் செலவு வந்தால் மற்றொன்றை விற்பர்.

ஐப்பசி மழையில் தரையெங்கும் இளம்புல் தலைகாட்டும். கோடை முழுவதும் காய்ந்த சருகைத் தின்ற ஆடுகள் அப்புல்லை ஆவலுடன் மேயும். பட்டியின் தரை ஈரமாகும். தேங்கிய நீரில் கிருமிகளும் புழுக்களின் முட்டைகளும் பெருகும். அந்நாள்களில்தான் கழிச்சல் தொடங்கும். மாலையில் துள்ளிய குட்டி, மறுநாள் காலையில் கண்கள் குழிவிழுந்து, வால்புறம் நனைந்து, தாயின் மடியைத் தேடவும் வலுவின்றிப் படுத்திருக்கும்.

கால்நடை மருந்தகம் தொலைவில் இருக்கும்போது, ஆடு வளர்ப்பவரின் கை முதலில் வீட்டு முற்றத்தையும் வேலியோரத்தையுமே நாடும். மாதுளை ஓடு, கொய்யாக் கொழுந்து, முற்றாத வில்வக்காய், கருவேலம்பட்டை, நாவற்பட்டை ஆகியன கழிச்சலை நிறுத்தும் என்பது தலைமுறைகள் கண்ட பட்டறிவு. கிடைபோட்டு ஊர் ஊராகச் செல்லும் கீதாரிகள் இவ்வறிவைத் தம் நினைவிலேயே சுமந்து திரிந்தனர். 'மாட்டு வாகடம்' என்னும் பெயரில் கால்நடை மருத்துவத்தைக் கூறும் சுவடிகளும் தமிழில் உண்டு.

அடுப்படியிலிருந்து ஒரு மருந்து

இவ்வறிவைத் தொகுத்து ஆராயும் பணி நம் காலத்தில் முனைப்புடன் நடைபெற்றுள்ளது. மதுரையில் இயங்கும் 'சேவா' என்னும் தன்னார்வ அமைப்பு, உழவர்களும் கால்நடை வளர்ப்போரும் கண்டறிந்த முறைகளைத் திரட்டி, 'நம்வழி வேளாண்மை' என்னும் இதழில் வெளியிட்டது. புதுக்கோட்டையை அடுத்த தஞ்சாவூரில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி, மரபுவழிக் கால்நடை மருத்துவத்தை ஆராய்ந்து, எளிய மருந்து முறைகளாக வகுத்து உழவர்களிடம் கொண்டுசேர்த்தார். அம்முறைகள் பலவற்றைத் தேசியப் பால்வள வாரியமும் பால் உற்பத்தியாளர்களிடையே பரப்பி வருகிறது.

அவற்றுள் கழிச்சலுக்கான மருந்து ஒன்று. சீரகம், வெந்தயம், மிளகு, பெருங்காயம், கசகசா முதலியவற்றை வறுத்துப் பொடிக்க வேண்டும். வெங்காயம், பூண்டு, மஞ்சள், கறிவேப்பிலை ஆகியவற்றை அரைத்து அப்பொடியுடன் சேர்க்க வேண்டும். பின்னர் வெல்லம் கலந்து சிறு உருண்டைகளாக்கி, உப்பில் தோய்த்து மாட்டின் நாவில் தடவிக் கொடுக்க வேண்டும். இம்மருந்துக்குரிய பொருள்கள் அனைத்தும் அடுப்படியில் கிடைப்பவை. எனவே செலவு குறைவு. நள்ளிரவிலும் செய்துகொள்ள இயலும்.

பயன் தரும் மருந்து கையில் இருக்கும்போது அதனை ஏன் சோதிக்க வேண்டும் என்னும் வினா இங்கே எழுவது இயல்பு.

குணமாதலும் குணமாக்குதலும்

ஒருவர் தம் பட்டியில் கழிச்சல் கண்ட பத்துக் குட்டிகளுக்கு மாதுளை ஓட்டுச் சாறு கொடுக்கிறார் எனக் கொள்வோம். மூன்று நாள்களில் ஏழு குட்டிகள் தேறுகின்றன. சாறு ஏழு உயிர்களைக் காத்தது என்று அவர் கூறுவார். ஆனால், புதுப்புல்லைத் தின்றதால் வந்த கழிச்சல் பெரும்பாலும் ஓரிரு நாள்களில் தானே நின்றுவிடும். சாறு கொடுக்காமல் விட்டிருந்தாலும் ஏழு குட்டிகள் தேறியிருக்கக்கூடும். மருந்துக்குப் பின் குணமாதல் வேறு. மருந்தால் குணமாதல் வேறு. இவ்விரண்டையும் ஒரு பட்டியின் நினைவைக்கொண்டு பிரித்தறிய முடியாது. தேறிய குட்டியை மனம் நெடுநாள் நினைவில் வைத்திருக்கும். இறந்த குட்டிக்கு வேறு காரணம் தேடும். இது கற்றவர், கல்லாதவர் அனைவருக்கும் பொதுவான இயல்பு.

ஒப்பிடுவதே இதற்கு வழி. மருந்து பெற்ற குழுவையும் பெறாத குழுவையும், ஏனைய அனைத்தும் ஒத்திருக்குமாறு அமைத்து ஒப்பிட்டால், இடையே தோன்றும் வேறுபாடு மருந்தின் பயன் எனப்படும். ஆய்வகச் சோதனைகள் அனைத்தும் இவ்வெளிய கருத்தின் விரிவேயாகும்.

கழிச்சல் என்பது யாது?

கழிச்சல் தனியொரு நோயன்று; பல நோய்களின் பொது அறிகுறி. ஈ. கோலை, சால்மொனெல்லா முதலிய பாக்டீரியங்களும், ரோட்டா முதலிய தீநுண்மிகளும், இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் காக்சிடியா என்னும் ஓரணு ஒட்டுண்ணியும், குடற்புழுக்களும் அதனைத் தோற்றுவிக்கும். தீவனத்தைத் திடீரென மாற்றுவதும் காரணமாகும்.

காரணம் எதுவாயினும் நிகழ்வது ஒன்றே. குடல் உறிஞ்ச வேண்டிய நீர் உறிஞ்சப்படாமல் போகிறது. அல்லது குடற்சுவர் அளவுக்கு மீறி நீரைச் சுரக்கிறது. அல்லது குடல் விரைந்து இயங்கி உணவைத் தள்ளிவிடுகிறது. நீருடன் சோடியம், பொட்டாசியம் முதலிய உப்புகளும் வெளியேறுகின்றன. பிறந்த குட்டியின் உடலெடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீரேயாதலால், அது விரைவில் உயிரிழக்கிறது. ஆகவே, எம்மருந்து கொடுப்பினும் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்வதே முதற்கடமை.

தெரிந்து தெளிவோம்

1971ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்கத்தின் போன்காவ் ஏதிலியர் முகாமில் காலரா பரவியது. நரம்புவழிச் செலுத்தும் நீர்மம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரை நோயாளிகளுக்குப் பருகக் கொடுத்தார். 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே குறைந்தது. அவரது மறைவுக்குப் பின் 2023ஆம் ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

முதற்படி: செடியை அறிதல்

மூலிகை ஆய்வு ஆய்வகத்தில் தொடங்குவதில்லை. மருந்தறிந்த முதியவரின் திண்ணையில் தொடங்குகிறது. எச்செடி, அதன் எவ்வுறுப்பு, எப்பருவத்தில் பறித்தது, எவ்வளவு, எத்தகைய கழிச்சலுக்கு என்பன அவரது இசைவுடன் பதிவு செய்யப்படுகின்றன. அறிவு அவருடையது என்பதும் அப்பதிவிலேயே இடம்பெற வேண்டும். மஞ்சளின் புண்ணாற்றும் பண்புக்கு அமெரிக்காவில் 1995இல் வழங்கப்பட்ட காப்புரிமை, அது இந்தியர் நெடுங்காலமாக அறிந்த செய்தி எனச் சான்றுகளுடன் மெய்ப்பிக்கப்பட்டபின் 1997இல் நீக்கப்பட்டது. எழுதிவைக்கப்படாத அறிவு எளிதில் பறிபோகும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

அடுத்து, செடியை ஐயமின்றி அடையாளம் காண வேண்டும். குடசப்பாலையின் பட்டை கழிச்சலுக்கும் சீதபேதிக்கும் புகழ்பெற்ற மருந்து. வெட்பாலை அதனைப் போன்றே வெண்ணிறப் பூவும் பாலும் உடைய மற்றொரு மரம். தோல்நோய்க்குரிய எண்ணெய் காய்ச்ச அதன் இலை பயன்படுகிறது. பெயரும் தோற்றமும் நெருங்கியிருப்பதால், சந்தையில் ஒன்றுக்கு மற்றொன்று விற்கப்படுவதுண்டு. தவறான பட்டையைச் சோதித்துவிட்டுக் குடசப்பாலைக்குப் பயனில்லை என எழுதினால், பிழை மரத்தினுடையதன்று. எனவே பூவும் இலையும் கூடிய கிளையை அழுத்தி உலர்த்தி, தாவரவியல் அறிஞரிடம் காட்டி உறுதிசெய்து, உலர்தாவரக் காப்பகத்தில் எண்ணிட்டு வைப்பர். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியின் ராபினேட் உலர்தாவரக் காப்பகம் இத்தகைய பணிக்குப் பெயர்பெற்றது.

இரண்டாம்படி: சாறு எடுத்தல்

பறித்த உறுப்பைக் கழுவி, நிழலில் உலர்த்திப் பொடிக்கின்றனர். கடும் வெயில் சில வேதிப்பொருள்களைச் சிதைக்கும் என்பதால் நிழலுலர்த்தல் விரும்பப்படுகிறது. பொடியை நீரிலோ எத்தனாலிலோ ஊறவைத்தோ, சாக்சுலெட் என்னும் கண்ணாடிக் கருவியில் மீண்டும் மீண்டும் கரைப்பானால் கழுவியோ சாற்றைப் பிரிப்பர். பின் கரைப்பானை ஆவியாக்கி நீக்கினால் குழம்பு போன்ற பிழிவு எஞ்சும்.

எந்தக் கரைப்பான், எவ்வளவு வெப்பம் என்பன சிறு செய்திகளல்ல. சீன அறிவியலாளர் து யூயூ, மலேரியாவுக்குரிய மூலிகையைக் கொதிக்க வைத்தபோது பயன் நிலையாகக் கிட்டவில்லை. பழைய நூலொன்றில் அம்மூலிகையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியுமாறு கூறியிருந்ததைக் கண்டு, குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு பிரித்தெடுத்தார், மருந்து வெளிப்பட்டது. 2015ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. கைம்மருந்தின் செய்முறையைச் சொல் பிசகாமல் பதிவு செய்வதன் தேவையை இது காட்டுகிறது.

பிழிவில் உள்ள பொருள்களை எளிய வேதிச் சோதனைகள் காட்டிக்கொடுக்கும். ஃபெரிக் குளோரைடு கரைசலின் சில துளிகளைச் சேர்த்ததும் கருநீலமாகவோ கரும்பச்சையாகவோ மாறினால் துவர்ப்பொருளாகிய டானின் உண்டு என்று பொருள். டானின் புரதத்துடன் பிணைந்து அதனை வீழ்படிவாக்கும் இயல்புடையது. குடற்சுவரின் மேற்பரப்பில் இவ்வாறு மென்படலம் உண்டாக்கி, நீர் சுரப்பதை அது குறைக்கிறது என்று கருதப்படுகிறது. மாதுளை ஓடு, கருவேலம்பட்டை, நாவற்பட்டை ஆகிய அனைத்தும் துவர்ப்பு மிக்கவை. நாவால் சுவைத்து நம் முன்னோர் தேர்ந்ததில் ஒரு வேதியியல் ஒழுங்கு இருந்தது.

மூன்றாம்படி: ஆய்வகச் சோதனை

நோய்க்கிருமி பரப்பிய அகர் தட்டில் சிறு குழிகள் இட்டு அவற்றில் பிழிவை ஊற்றி வைப்பர். மறுநாள் குழியைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் தோன்றினால், பிழிவு கிருமியைத் தடுக்கிறது என்று அறியலாம். ஆனால், தட்டில் தோன்றிய வட்டம் குடலில் நிகழவிருக்கும் குணத்துக்கு உறுதியாகாது. குடலில் பிழிவு நீர்த்துப்போகும். செரிமான நீரால் சிதையும்.

அடுத்த சோதனை எலிகளில் நடைபெறும். விலங்கு ஆய்வுக்கான நெறிக்குழுவின் ஒப்புதல் இன்றி இதனைச் செய்யலாகாது. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் அமைந்த குழு இத்தகைய ஆய்வுகளை மேற்பார்வையிடுகிறது. முதலில் பிழிவு நஞ்சற்றது என உறுதிசெய்வர். எடையில் ஒரு கிலோகிராமுக்கு 2000 மில்லிகிராம் என்னும் உயர் அளவுவரை கொடுத்துக் கண்காணிக்கும் முறை பன்னாட்டளவில் ஏற்கப்பட்டது.

பின்னர் எலிகளைக் குழுக்களாகப் பிரிப்பர். ஒரு குழுவுக்கு வெறும் நீர். மற்றொன்றுக்கு லோபெரமைடு என்னும் நிறுவப்பட்ட மருந்து. ஏனையவற்றுக்குக் குறைந்த, நடுத்தர, மிகுந்த அளவுகளில் பிழிவு. சிறிது நேரம் கழித்து எல்லாக் குழுக்களுக்கும் ஆமணக்கெண்ணெய் புகட்டப்படும். அவ்வெண்ணெயிலிருந்து குடலில் பிரியும் ரிசினோலிக் அமிலம் கழிச்சலை உண்டாக்கும். கூண்டின் அடியில் வெள்ளைத்தாள் விரித்து, சில மணிநேரம் நீர்த்த கழிவுகளை எண்ணுவர். எடுத்துக்காட்டாக, நீர் பெற்ற குழுவின் சராசரி 12 எனவும் பிழிவு பெற்ற குழுவின் சராசரி 6 எனவும் கொண்டால், தடுப்புத்திறன் 50 விழுக்காடு. மருந்தளவு கூடக்கூடத் திறனும் கூடினால், பயன் தற்செயலானதன்று என்னும் நம்பிக்கை வலுப்பெறும். கரித்தூள் கலந்த உணவைக் கொடுத்து, அது குடலில் எவ்வளவு தூரம் நகர்ந்துள்ளது என அளந்தால், பிழிவு குடலின் விரைவைக் குறைக்கிறதா என்பதையும் அறியலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. குடலியக்கத்தை நிறுத்துவது எப்போதும் நன்மையாகாது. கிருமியும் அதன் நஞ்சும் வெளியேற உடல் கொண்ட வழிகளுள் கழிச்சலும் ஒன்று. அதனை அடைத்துவிட்டால் நஞ்சு உள்ளேயே தங்கும். சாணம் இறுகியது என்பது மட்டும் வெற்றியன்று. விலங்கு பிழைத்து எடை கூடியதா என்பதே இறுதி வினா.

நான்காம்படி: பட்டிக்குத் திரும்புதல்

எலியில் கண்ட முடிவை ஆட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆடும் மாடும் நான்கு அறைகள் கொண்ட இரைப்பையை உடையவை. முதல் அறையில் வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்கள், மருந்துப் பொருளைக் குடல் சேருமுன்னரே மாற்றிவிடக்கூடும். கிருமியைக் கொல்லும் மருந்து, செரிமானத்துக்கு உதவும் அந்நுண்ணுயிர்களையும் அழிக்கக்கூடும். பால்குடிக்கும் குட்டியிலோ உணவுக்குழாயை அடுத்த பள்ளம் குழல்போல் மூடிக்கொண்டு, பாலை நேரே நான்காம் அறைக்கு அனுப்பும். ஆகவே வளர்ந்த ஆட்டுக்கும் குட்டிக்கும் தனித்தனியே சோதனை தேவை.

பட்டியில் நடைபெறும் சோதனையில், கழிச்சல் கண்ட குட்டிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாக்குவர். திடமான குட்டிகளை ஒருபுறமும் நலிந்தவற்றை மறுபுறமும் சேர்க்கும் மனச்சாய்வைக் குலுக்கல் தடுக்கிறது. இரு குழுக்களுக்கும் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர்மம் கொடுக்கப்படும். ஒரு குழுவுக்கு மட்டும் கூடுதலாகப் பிழிவு. ஒப்பிடுவதற்காக எந்தக் குட்டியையும் சாகவிடுவது அறமன்று. சாணத்தின் தன்மைக்கு மதிப்பெண் இடுபவர், எக்குட்டி எக்குழு என்பதை அறியாதவராக இருத்தல் வேண்டும். தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு மறையும் நேரம், கண் குழிவு, உடலெடை ஆகியன நாள்தோறும் குறிக்கப்படும். நுண்ணோக்கியில் சாணத்தை ஆராய்ந்து, புழுமுட்டையும் காக்சிடியாவும் உள்ளனவா என்று காண்பர். பலவகைக் கழிச்சலை ஒன்றாகக் கலந்து எண்ணினால், ஒருவகைக்கு நல்ல மருந்து மறுவகையின் தோல்வியில் மறைந்துபோகும்.

இப்படிகள் அனைத்தையும் கடந்த மூலிகை மருந்துகள் உலகில் மிகச் சிலவே. தென் அமெரிக்காவின் அமேசான் காடுகளில் வளரும் குரோட்டான் இனத்து மரமொன்றின் செந்நிறப் பாலை, அங்குள்ள பழங்குடியினர் கழிச்சலுக்குப் பயன்படுத்தி வந்தனர். அதிலிருந்து பிரிக்கப்பட்ட குரோஃபெலமர் என்னும் மருந்து, குடற்சுவரில் குளோரைடு வெளியேறும் வாயில்களை அடைத்து நீரிழப்பைக் குறைக்கிறது. எச்.ஐ.வி. தொற்றுக்கு மருந்து உண்போருக்கு வரும் கழிச்சலுக்கு 2012இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் இதற்கு ஒப்புதல் வழங்கியது. புற்றுநோய் மருந்தால் நாய்களுக்கு ஏற்படும் கழிச்சலுக்கு 2021இல் நிபந்தனையுடன் கூடிய ஒப்புதல் கிடைத்தது. பழங்குடியினரின் கைம்மருந்து, சோதனையின் வழியே மனிதருக்கும் விலங்குக்கும் மருந்தாயிற்று.

எல்லையும் தேவையும்

மூலிகையால் தீராதவை எவை என்பதையும் சோதனையே சொல்லும். ஆட்டுக்கொல்லி நோயில் காய்ச்சலும் மூக்குச்சளியும் வாய்ப்புண்ணும் கழிச்சலும் சேர்ந்து வரும். அது தீநுண்மியால் வருவது, தடுப்பூசியே காப்பு. ஒருகாலத்தில் மாட்டுக் கூட்டங்களையே அழித்த வெக்கை நோயும் கடுங்கழிச்சலை உண்டாக்கியதே. தடுப்பூசியின் துணையால் அந்நோய் உலகிலிருந்து ஒழிக்கப்பட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது. இத்தகைய நோய்களில் பச்சிலையை நம்பிக் காலம் தாழ்த்துவது மந்தையையே இழக்கச் செய்யும். குட்டி பிறந்த சில மணிநேரத்துக்குள் சீம்பால் ஊட்டுவதும், பட்டியை உலர்வாக வைப்பதும் எம்மருந்தினும் சிறந்த தடுப்புகள்.

மூலிகை ஆய்வுக்கு இன்று புதியதொரு தேவையும் சேர்ந்துள்ளது. கழிச்சல் கண்டதும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தைச் செலுத்தும் பழக்கம் பெருகியதால், அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் தோன்றுகின்றன. அவை பாலின்வழியும் இறைச்சியின்வழியும் மண்ணின்வழியும் மனிதரை அடைகின்றன. மனிதரின் உயிர்காக்கும் இறுதி மருந்துகளுள் ஒன்றான கோலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குப் பயன்படுத்த 2019இல் இந்திய அரசு தடை விதித்தது. எளிய கழிச்சலுக்குச் சோதித்துத் தேர்ந்த மூலிகை ஒன்று கிடைக்குமாயின், நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தை உண்மையான தேவைக்கெனச் சேமித்து வைக்கலாம்.

கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி மையம் புதுக்கோட்டையில் உள்ளது. கால்நடை மருத்துவக் கல்லூரியொன்று அண்மையிலுள்ள ஒரத்தநாட்டில் இயங்குகிறது. மருந்தறிந்த முதியவர்கள் ஊர்தோறும் இன்னும் இருக்கின்றனர். ஆயினும் நெடுநாள் இருக்கப்போவதில்லை. திண்ணைக்கும் ஆய்வகத்துக்கும் இடையிலுள்ள தொலைவைக் கடக்க வேண்டியவர்கள் இளைய தலைமுறையினரே.

கைம்மருந்தைச் சோதிப்பது முன்னோரை ஐயுறுவதாகாது. அவர்களும் ஒன்றைக் கொடுத்துப் பார்த்து, பயனில்லையெனில் மற்றொன்றைத் தேடியவர்களே. பயன்தராததை மறைக்காமல் எழுதுவதும், பயன்தருவதை அளவோடு நிறுவுவதும் அவர்கள் தொடங்கிய தேடலை நிறைவு செய்யும். ஈரப்பட்டியில் படுத்திருக்கும் குட்டிக்கு, மரபு சொன்ன மருந்தோ புதியது கண்ட மருந்தோ எதுவாயினும் ஒன்றே. பிழைக்க வைப்பதே அதற்கு மருந்து.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் ஆடுமாடு வளர்ப்போரைச் சந்தித்து, கழிச்சலுக்குப் பயன்படும் கைம்மருந்து ஒன்றின் செடி, உறுப்பு, அளவு, செய்முறை ஆகியவற்றை அவர்தம் இசைவுடன் பதிவு செய்க.

2. 'மருந்துக்குப் பின் குணமாதல் வேறு. மருந்தால் குணமாதல் வேறு' என்னும் கருத்தை அன்றாட வாழ்வின் எடுத்துக்காட்டு ஒன்றுடன் விளக்கி வகுப்பில் உரையாற்றுக.

3. 'பயன்தராத மருந்தின் ஆய்வு முடிவையும் வெளியிட வேண்டும்' என்பது குறித்துக் குழுவாகக் கலந்துரையாடுக.